மாப்பிள்ளை வண்டியில் மாமனார் கை வைத்த கதை

ஓடாத இன்ஜினைச் சோதித்துப் பார்த்து, "ரொம்ப நல்லா ஓடுது" என்று சொன்ன ஒருவனை எனக்குத் தெரியும். அவன் முட்டாள் இல்லை. நகரியில் விசைத்தறி வைத்துப் பிழைக்கிறவன். தறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவான். ஏழாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எட்டாம் வகுப்புக்கு அவன் போனான், நான் லாரி ஏறிவிட்டேன்.

ஹைப்ரிட் வண்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி மெக்கானிக் ஷெட்டில் கேட்டார்கள். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், ஆரஞ்சு நிற ஒயரை ஏன் தொடக் கூடாது என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் பாதியை எனக்கே நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். வண்டியைக் கொண்டு வருகிற மனிதர்களைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் போடவில்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடாவில் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கி வேலை கற்றேன். மழை இல்லாத நாளில் லாரிக்கு மேலே தூங்கினேன். பிறகு நெல்லூர், ஹூப்ளி, சென்னை, மறுபடி நெல்லூர். சில ஊர்களில் சம்பளம் என்பது சாப்பாடு, சில ஊர்களில் அதுவும் இல்லை. யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. ஒரு இடத்தில் கால் நிற்காது, அவ்வளவுதான். கடைசியில் முழங்கால் மக்கர் செய்ததால் ரேணிகுண்டாவில் ஸ்டேஷன் ரோட்டு ஷெட் ஒன்றில் நின்றுவிட்டேன். இங்கே சொல்வது அந்த ஷெட்டில் நடந்தது.

ஒரு நாள் காலையில், வண்டியில் வரும் வழியில், புத்தூரிலிருந்து ஏகாம்பரம் போன் செய்தான். முதலில் சொன்னேனே, அவன்தான்.

"மேஸ்திரி, வண்டி நல்லாத்தான் கீது. நீ ஒருவாட்டி பாத்துடேன்."

நன்றாக இருக்கிற வண்டியை யாரும் ஒருவாட்டி பார்க்கச் சொல்வதில்லை. "மாப்பிள்ள வண்டியா?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசு. தனம் பக்கத்துலயே கீறா."

தனம் அவன் மனைவி. ஏகாம்பரம் போனை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் அடுத்த முனையில் பேசுவது அவளுக்குக் கேட்டுவிடும்.

அவர்கள் பெண் திவ்யாவின் கணவன் கார்த்திக்கினுடைய ஹைப்ரிட் கார் அது, பெட்ரோல் இன்ஜினும் பாட்டரி மோட்டாரும் மாறி மாறி ஓட்டுகிற வண்டி. ஆபீஸ் வேலையாக அவனைச் சில மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரசவத்துக்கு வந்த திவ்யா நகரியில் இருந்ததால், காரையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். போகும்போது சாவியைக் கொடுத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னானாம்: "மாமா, நீங்க தாராளமா ஓட்டுங்க. ஆனா யாரையும் பானெட்டத் தெறக்க மட்டும் விடாதீங்க." ஏகாம்பரம் யாரையும் திறக்க விடவில்லை. தானே திறந்தான்.

அன்றைக்குக் குழந்தைக்குத் திருமலையில் மொட்டை. கார்த்திக் புனே ரயிலில் ரேணிகுண்டாவுக்கு வந்து இறங்குகிறான். அவனை ஏற்றிக்கொண்டு நேராக மலைக்குப் போவதாகத் திட்டம். தரிசனத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் கையில் இருந்தது. அவனுடைய அப்பா அம்மா முன்னமே மலைக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

கார் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பின் சீட்டில் தனமும், குழந்தையோடு திவ்யாவும். ஏகாம்பரம் இறங்கிய வேகத்திலேயே என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"ரயில் வர்றதுக்குள்ள பாத்துடு. மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது."

"இன்னா தெரியக் கூடாது?"

"ஒண்ணும் இல்லடா. கொஞ்சம் சர்வீஸ் பண்ணேன்."

கார் அதிகமாகப் பெட்ரோல் குடித்ததாம். மாப்பிள்ளை சொன்ன மைலேஜில் முக்கால்வாசிகூடக் கொடுக்கவில்லையாம். மாப்பிள்ளையிடம் சொன்னால், "நீங்க ஓட்டுறது சரியில்ல மாமா" என்று வந்துவிடுமோ என்று பயம். தெலுங்கு வீடியோ ஒன்றைப் பார்த்தான். காற்று போகிற வழியைச் சுத்தம் செய், தண்ணீரை மாற்று, மைலேஜ் தானாக வரும் என்று அதில் சொன்னார்கள். தறி ஷெட்டில் பஞ்சுத் தூசி ஊதுகிற மெஷின் இருக்கிறது. ஏர் ஃபில்டரை எடுத்து ஊதினான், பெட்டியை ஊதினான், ரேடியேட்டரை ஊதினான். இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றியிருக்கும், பீட்ரூட் சாறு மாதிரி இருந்த கூலண்டை இறக்கிக் கீழே ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வருகிற கேன் தண்ணீரை ஊற்றினான்.

"கொழந்தைக்கே அந்தத் தண்ணிதான் குடுக்கறோம். அவ்ளோ சுத்தம்" என்றான்.

"இன்ஜின் ஓட்டிப் பாத்தியா?"

"பாக்காம இருப்பனா? பட்டன் போட்டு வெச்சிட்டு உக்காந்து டிபன் துன்னேன். பானெட்டத் தெறந்துதான் வெச்சிருந்தேன். ஒரு சொட்டு ஒழுகல. தொட்டுப் பாத்தா ஜில்லுனு கீது. சத்தமே இல்ல. அவ்ளோ நைஸா ஓடுது."

"ஏகா, சத்தம் இல்லன்னா அது ஓடல."

"பட்டன் போட்டா ஓடாதா?"

"பாட்டரி நெறையா இருந்தா ஓடாது. நீ டிபன் துன்னுகினு இருந்தப்ப அது தூங்கிகினு இருந்திச்சி."

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். தறிக்காரனுக்கு இது புரிவது கஷ்டம்தான். ஸ்விட்ச் போட்டால் தறி அடிக்கும், அடிக்காவிட்டால் ரிப்பேர். ஸ்விட்ச் போட்ட பிறகும் ஓடாமல், அதே சமயம் ரிப்பேரும் இல்லாமல் இருக்கிற ஒரு மெஷினை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. நாற்பது தறி ஒன்றாகச் சத்தம் போடுகிற ஷெட்டில் வளர்ந்தவனுக்கு, சத்தமில்லை என்றாலே நல்ல செய்தி.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். ஹைப்ரிட் வண்டியில் வீட்டிலேயே கை வைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "வண்டி நல்லாத்தான் போவுது." போகும். வீட்டில் ஒருத்தன் உடம்பு சரியில்லாமல் படுத்தால் இன்னொருத்தன் அவன் வேலையையும் சேர்த்துச் செய்து, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வான் இல்லையா? இன்ஜினுக்கு மூச்சுத் திணறினால் மோட்டார் அப்படித் தள்ளிக்கொண்டே போகும். சமதளத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மலையில் ஏறும்போது பாட்டரி தீர்ந்து, படுத்திருந்தவனை எழுப்பி முழுப் பாரத்தையும் அவன் தலையில் வைக்கும். அப்போது தெரியும். ஆனால் அப்போது நீங்கள் அலிபிரியைத் தாண்டி வளைவில் நிற்பீர்கள். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

பானெட்டைத் திறந்தேன். புத்தூர் தாண்டியதிலிருந்து டேஷ்போர்டுக்குள் ஏதோ கொதகொதவென்று கேட்டதாகத் தனம் பின்னாலிருந்து சொன்னாள்.

"நான்தான் சொல்லிகினே வரேன். பானைல சோறு கொதிக்கற மாதிரி கேக்குது. இவரு ரேடியோல பாட்டுன்றாரு."

"நீ சும்மா இரு. தொட்டி நெறையா தண்ணி கீது, பாரு மேஸ்திரி" என்றான் ஏகாம்பரம்.

தொட்டி நிறைந்துதான் இருந்தது. தொட்டியில் இருப்பது இன்ஜினுக்குள்ளும் இருக்கும் என்று கட்டாயம் இல்லை. உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் தண்ணீர் வெளியிலேயே நின்று வேடிக்கை பார்க்கும்.

"மூடியத் தெறந்து உள்ள பாத்துடு. டைம் இல்ல" என்று அவசரப்பட்டான்.

சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை எந்த அவசரத்திலும் நான் திறப்பதில்லை. மொகிலி கணவாயில் ஒரு லாரி முதலாளி, "தெறடா, லோடு அழுவுது" என்று மேலே நின்று கத்தினான். அப்போது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. திறந்தேன். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. லோடு தக்காளி. அது அழுகவில்லை, நன்றாகப் போய்ச் சேர்ந்தது. என்னைப் பலமநேரில் இறக்கிவிட்டார்கள். இடது கையால் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்த மழைக்காலத்தில்தான், அதுவும் பிறகு உபயோகப்பட்டது. வண்டிக்காரரின் அவசரம் வண்டிக்காரருடையது. கை உங்களுடையது.

மூடியைத் திறக்காமல் பார்க்க வேறு வழி இருக்கிறது. தனத்தையும் திவ்யாவையும் குழந்தையோடு இறக்கி ஷெட் நிழலில் உட்கார வைத்தேன். உள்ளே போய் ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன்.

ரேணிகுண்டா வெயிலில் ஹீட்டர் போட்டவனை அந்த ரோட்டில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"அண்ணே, கார வேவ வைக்கறியா?" என்றாள் தனம்.

வெப்பம் வேண்டுமென்று கேட்டால், இந்த மாதிரி வண்டியில் இன்ஜின் தானாக எழுந்துகொள்ளும். எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். தூங்குகிறது என்று நான் சொன்ன ஜந்து காதோரம் திடீரென்று உறுமியதும் பின்னால் குதித்து ஒரு ஆட்டோக்காரரின் காலை மிதித்தான். நீங்கள் யாரும் அப்படிக் குதிக்க வேண்டாம். பானெட்டுக்குள் கை விடும் முன்னால் வண்டியை முழுசாக அணைத்து, சாவியைத் தூரமாக வையுங்கள். ஹைப்ரிட் எழும்போது யாரிடமும் கேட்பதில்லை.

உறுமல் சரியாக இல்லை. மூக்கடைத்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இழுப்பு இருந்தது. ஹீட்டர் துவாரத்தில் கை வைத்தேன். சூடு வர வேண்டிய இடத்தில் சாதாரணக் காற்று வந்தது. ஏகாம்பரமும் கை வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, ஹீட்டர் போட்டும் ஜில்லுனு வருது. இன்ஜின் அவ்ளோ கூலா கீது."

"இன்ஜின் கொதிக்குதுடா. சூடு இங்க வந்து சேரணும்னா தண்ணி சுத்தணும். சுத்தல. காத்து மாட்டிகினு கீது."

முகம் வாடியது. நான் வண்டியை அணைத்தேன்.

பிறகு அந்த மூக்கடைப்பு. காற்று உள்ளே வருகிற குழாய் முன்பக்கத்திலிருந்து வளைந்து ஃபில்டர் பெட்டிக்குப் போகும். குழாயைக் கழற்றி முன்வாய்க்குள் விரலை விட்டேன். மெத்தென்று எதுவோ தட்டுப்பட்டது. இழுத்தேன். வெள்ளையும் சிவப்புமாகக் கழிவு நூல் உருண்டை ஒன்று வந்தது. தறிக்காரர்கள் எண்ணெயைத் துடைப்பதும், ஓட்டையை அடைப்பதும், டீ கிளாஸைப் பிடிப்பதும் அந்த நூலால்தான்.

"ஊதறப்ப தூசி உள்ள பூடப் போவுதுன்னு வெச்சேன்" என்றான் மெல்லிய குரலில்.

"எடுக்கலியா?"

"எடுத்தேன்னுதான் நெனச்சேன்."

தனம் பார்க்கும் முன்னால் உருண்டையை வலது பாக்கெட்டில் திணித்தேன். ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், சாவிய குடுத்துட்டு ஒரே வார்த்ததான் சொல்லிட்டுப் போனாரு. அதக் கூட காப்பாத்தலன்னு தெரிஞ்சா நான் எங்க மூஞ்ச வெச்சிக்கறது? மேல சம்பந்தி வேற உக்காந்துகினு கீறாங்க. மாப்பிள்ள வண்டிய தறின்னு நெனச்சிட்டாருன்னு காலத்துக்கும் சொல்லுவாங்க."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முன்னால் தலை குனிவது சின்ன விஷயம் இல்லை. தறி நின்று, பாவு நூல் வாங்கிய கடன் ஏறி, பெண்ணுக்குக் கல்யாணம் செய்த காலத்திலும் யார் முன்னாலும் வளையாதவன் அவன். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. "சொல்ல மாட்டேன், போ" என்றேன்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. முதுகில் பையோடு கார்த்திக் ரோட்டைத் தாண்டி வந்தான். குழந்தையைப் பார்த்துச் சிரித்தான், திவ்யாவைப் பார்த்துச் சிரித்தான், மாமியாரை நலம் விசாரித்தான். பிறகு திறந்திருந்த பானெட்டையும் என் கையிலிருந்த குழாயையும் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏகாம்பரம் முந்திக்கொண்டான். "ஒண்ணும் இல்ல மாப்பிள்ள. மலைக்குப் போறமேன்னு மேஸ்திரிகிட்ட சும்மா காட்டினேன்."

"நல்லது மாமா" என்றான் கார்த்திக், குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மாமா, தொண்ட காயுது. ஒரு டீ கெடைக்குமா?"

மாப்பிள்ளை கேட்டு மாமனார் மறுப்பானா? ஏகாம்பரம் டீக்கடைக்கு ஓடினான். அவன் முதுகு திரும்பியதும் கார்த்திக் என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அண்ணா, அதுக்குள்ள மஞ்சக் கலர்ல ஒரு துணி இருந்திச்சா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. குழாயைத் திருப்பி ஃபில்டர் பெட்டிப் பக்க வாயில் விரலை விட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம், ஆழத்தில், இன்னொரு மெத்து. இழுத்தேன். கார் துடைக்கிற மஞ்சள் துணி, தூசியில் கறுத்து, சுருண்டு வந்தது.

"போறதுக்கு முன்னாடி நானே க்ளீன் பண்ணேன், அண்ணா. ஸ்க்ரூ உள்ள விழக் கூடாதுன்னு வெச்சேன். புனே போய் பையத் தெறந்தா மூணு துணில ரெண்டுதான் இருந்திச்சி. அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல."

"அதான் யாரையும் பானெட்டத் தெறக்க விடாதன்னு சொன்னியா?"

"அது முன்னாடியே சொல்லிட்டேன். ஸ்டைலா இருக்கட்டும்னு." வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "சர்வீஸ் சென்டரே வேணாம், நானே பாத்துப்பேன்னு மாமாகிட்ட பெருசா பேசிட்டேன். மெஷினோடயே வாழ்றவரு அவரு. தெரிஞ்சா என்னப் பத்தி என்ன நெனைப்பாரு? ப்ளீஸ், அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சரி, சொல்ல மாட்டேன்" என்றேன்.

மைலேஜ் ஏன் குறைந்தது என்று எனக்கு இப்போது விளங்கியது. மாப்பிள்ளை துணியை வைத்தான். அதனால் வண்டி பெட்ரோல் குடித்தது. அதைச் சரி செய்ய மாமனார் நூலை வைத்தான். இவ்வளவையும் அந்தப் பாட்டரி வாயைத் திறக்காமல் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

ஒன்றை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தப்பைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தாதீர்கள். நூல் உருண்டை கிடைத்ததும் நான் நிறுத்தத்தான் பார்த்தேன். காரணம் கிடைத்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டான், வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளை வராவிட்டால் துணியோடுதான் குழாயைத் திரும்ப மாட்டியிருப்பேன். இன்னொன்று. "யார் கை வைத்தது?" என்று நாலு பேர் நடுவில் கேட்டால் ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள். தனியாக நிற்க விடுங்கள். அவர்களே வந்து குனிவார்கள்.

மஞ்சள் துணி இடது பாக்கெட்டுக்குப் போனது. தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, ரெண்டு பக்கமும் போண்டா வாங்கி வெச்சிகினியா?"

"வேல சாமான்மா" என்றேன்.

ஏகாம்பரம் டீயோடு வந்தான். டீ குடிக்கும்போதே மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை வாழ்க்கையில் எதிலும் அவர்கள் இவ்வளவு ஒத்துப்போனதில்லை என்று பிறகு திவ்யா சொன்னாள்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு? கெளம்பலாமே மாமா" என்றான் கார்த்திக்.

"அதானே. குழாய மாட்டு மேஸ்திரி. மெதுவா போனா பர்லேது, ஒண்ணும் ஆவாது" என்றான் ஏகாம்பரம்.

வண்டி நின்றால் கேள்வி வரும். கேள்வி வந்தால் குட்டு உடையும். அதனால் இரண்டு பேருக்கும் வண்டி போயே ஆக வேண்டும். தரிசன நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து சம்பந்தி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

குழாய் அடைப்பு போய்விட்டது. ஆனால் இன்ஜினுக்குள் இருந்த காற்று அப்படியே இருந்தது. அதை எடுக்க இன்ஜின் ஆறணும், பழைய தண்ணீரை இறக்கணும், சரியான கூலண்ட் ஊற்றணும், ஓட்டணும், ஆற விடணும், மறுபடி ஊற்றணும். அரை நாள் வேலை. மெதுவாகப் போனால் தப்பிக்கலாமா? தப்பிக்கலாம். தப்பிக்காமலும் போகலாம். வளைவில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும்போது பின் சீட்டில் கைக்குழந்தை இருக்கும்.

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எண்ணிப் பார்த்தபோதுதான் தெளிந்தது. யார் செய்தது என்பதைச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன். என்ன ஆகியிருக்கிறது என்பதை மறைப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் வருவார்கள், அழுவார்கள், கையைப் பிடிப்பார்கள். ஆளைக் காப்பாற்றுங்கள், தப்பில்லை. இன்ஜினைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

"ஏகாம்பரம் சார்" என்றேன். மாப்பிள்ளை முன்னால் டேய் போட முடியாது. "இன்ஜின்ல தண்ணி சுத்தல. காத்து மாட்டிகினு கீது. இன்னிக்கி இந்த வண்டி மலை ஏறாது."

"எப்பிடி ஆச்சி?" என்றாள் தனம்.

ஏகாம்பரம் டீ கிளாஸுக்குள் பார்த்தான். கார்த்திக் ஷூ லேஸைப் பார்த்தான்.

"எப்பிடி ஆச்சின்னு வண்டி சொல்லாதும்மா. நானும் கேக்கல."

"குழாய் இல்லாமயே ஓடும்ல?" என்றான் ஏகாம்பரம், கடைசி முயற்சியாக.

"ஓடும். மலை ஏறாது. குழாய் ஷெட்லதான் இருக்கும்." குழாயைக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

"நைனா, வா. அவரு சொல்லிட்டாரு இல்ல" என்று அப்பாவைக் கூப்பிட்டுவிட்டு, திவ்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், தீர்ந்தது. பஸ் பிடித்துத் திருப்பதி போனார்கள், அங்கே மலை பஸ் மாறினார்கள். போகும்போது ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கார்த்திக்கும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி கண்ணாலேயே கெஞ்சினார்கள்.

வண்டி வேலையை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். காற்றை விரட்டி முடித்து, இன்ஜினை ஓட வைத்து, ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். ஹீட்டரில் கை வைத்தேன். சுட்டது. அந்தச் சூட்டில் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கி வண்டியை எடுக்க வந்தார்கள். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது திவ்யா. கையில் குழந்தை, சின்ன மொட்டை, மேலே சந்தனம். அடுத்து கார்த்திக் இறங்கினான். அவனுக்கும் மொட்டை, அவனுக்கும் சந்தனம். அடுத்து ஏகாம்பரம். மாதம் தவறாமல் சாயம் அடித்து, தறி ஷெட்டுக்குள்ளும் சட்டைப் பையில் சீப்போடு திரிகிறவன் அவன். தலை பித்தளைச் சொம்பு மாதிரி மின்னியது.

தனம் கையில் லட்டுப் பையோடு கடைசியாக இறங்கினாள்.

"வேண்டுதல் கொழந்தைக்குத்தாண்ணே. இவங்க ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் போய் உக்காந்து எடுத்துகினு வராங்க. வெளிய வந்து ரெண்டு பேரும் எதிர எதிர முட்டிக்கறாங்க. இன்னா வேண்டுதல்னு நேத்துலேர்ந்து கேக்கறேன், வாயே தெறக்கல."

மாமனார் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்தான். மாப்பிள்ளை மாமனாரின் தலையைப் பார்த்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று கார்த்திக்குக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வண்டி நல்லபடியா மலைக்குப் போய்ட்டு வரணும்னு வேண்டிக்கிட்டேன், அத்த."

"நானும் அதான்" என்றான் ஏகாம்பரம் அவசரமாக.

தனம் இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வண்டிதான் மலைக்கே வரலியே" என்றாள்.

நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். சிரிப்பதற்கு அந்த இடத்தில் வேறு மறைவு இல்லை.